வண்டி ஆஃப், ஆனா பிரஷர் ஆன்: ஃபியூவல் ஃபில்டர் மாற்றும் முன்

இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாத்தப் பழகினவங்க அடுத்து கேட்கிற கேள்வி, "ஃபியூவல் ஃபில்டரையும் நானே மாத்திடலாமா?" என்பதுதான். மாத்தலாம். ஆனால் ஆயில் சிந்தினால் தரைதான் பாழாகும். பெட்ரோல் சிந்தினால் கதையே வேற. அதனால இன்னைக்கு ஸ்பானரைவிட பாதுகாப்பைப் பத்தித்தான் அதிகம் பேசப் போறேன்.

முதல்ல, ஃபில்டர் எங்கே இருக்குன்னு மேனுவலைப் பாருங்க. இப்போ வர்ற நிறைய பெட்ரோல் கார்களில் அது டேங்குக்குள்ளேயே, பம்ப்போடு சேர்ந்து இருக்கும். அப்படின்னா விட்டுடுங்க, அது ஒர்க்‌ஷாப் வேலை. டீசல் வண்டிக்கு முறையே வேற. இன்னைக்கு நாம பேசறது, வண்டிக்கு அடியில் தனி ஃபில்டர் இருக்கிற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் பத்தி மட்டும்.

அடுத்தது இடம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூணு நாலு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். தள்ளி இருக்கிற சம்ப் மோட்டார் சுவிட்சில் வர்ற ஒரு பொறி போதும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பத்திக்கிற அளவு ஆவி விடும் திரவம் அது. நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். திறந்த வெளி, சமதளம், நல்லா ஆறின இன்ஜின், கைக்கெட்டும் தூரத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான், கூட ஒரு ஆள். இதில் ஒண்ணு குறைஞ்சாலும் நான் வேலையைத் தொட மாட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். வண்டியை ஆஃப் பண்ணினாலும் பைப்பில் பிரஷர் அப்படியே நிற்கும். அடுத்த தடவை டக்குன்னு ஸ்டார்ட் ஆகணும்னுதான் அந்த டிசைன். பல கார்களில் சுமார் 3 பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேல. உங்க டயரில் இருக்கிறதைவிட அதிகம். அப்படியே கழட்டினால் பெட்ரோல் முகத்தில் பீச்சி அடிக்கும். டிராஃபிக்கை நிறுத்தாம ப்ரொடக்‌ஷன் சர்வரைப் பிடுங்குவோமா? அதே லாஜிக்தான்.

இறக்குறது சுலபம். ஃபியூவல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்ச நேரம் ஓடி தானா நின்னுடும். இன்னொரு தடவை சில நொடி செல்ஃப் அடிங்க. அப்புறம் இக்னிஷனை ஆஃப் பண்ணி, டேங்க் மூடியைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழட்டுங்க.

அடியில் போகணும்னா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். கண்ணாடி, கையுறை போட்டுக்கங்க. இவ்வளவுக்கு அப்புறமும் ஃபில்டருக்குள் மிச்சப் பெட்ரோல் இருக்கும். கீழே உலோக ட்ரே வச்சு, இணைப்பின் மேல் துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கழட்டுங்க. புது ஃபில்டரில் இருக்கிற அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும். கனெக்டர் 'க்ளிக்'னு உட்காரணும். லேசா இழுத்தும் பாருங்க.

துரு பிடிச்ச பைப் அசையலையா, கிளிப் உடைஞ்சதா? அங்கேயே நிறுத்துங்க. கயிறு கட்டி, டேப் சுத்திச் சமாளிக்கிற இடம் இது இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்க.

எல்லாம் சரியா இருந்தால் ஃபியூஸ், பேட்டரி, டேங்க் மூடி எல்லாத்தையும் திரும்பப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷனை மட்டும் ரெண்டு மூணு தடவை ஆன்-ஆஃப் பண்ணுங்க. பம்ப் பிரஷர் ஏத்தும். இணைப்பில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லைன்னா ஸ்டார்ட் பண்ணி, மறுபடியும் பாருங்க. வடிஞ்ச பெட்ரோலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. பழைய ஃபில்டரோட சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க. நனைஞ்ச துணியைச் சுருட்டி குப்பைத்தொட்டியில் போடாம, வெளியில் விரிச்சுக் காய வைங்க.

சந்தேகம் இருந்தா, வண்டி மாடலோடு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!