வாசலில் பெறும் அனுமதி



‘அழையா விருந்தாளி’ என்று ஒருவரைச் சொன்னால் நம் ஊரில் அது வசைச் சொல். ஆயினும், அழைப்பின்றி வந்தவர் வாசலில் நின்று குரல் கொடுக்க, வீட்டுக்குரியவர் ‘உள்ளே வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் அந்த வசை நீங்கிவிடுகிறது. வந்தவர் விருந்தினர் ஆகிவிடுகிறார். நாடுகளுக்கிடையேயும் இதனையொத்த ஏற்பாடு ஒன்று உண்டு. அயல்நாட்டில் வந்திறங்கிய பின்னர், அந்நாட்டு விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ சுற்றுலாப் பயணிக்கு வழங்கப்படும் விசாவே அது. அதைப் பற்றி, நாளை வெளிநாடு செல்லவிருக்கும் மாணவ மாணவியருக்காகச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இரு சொற்களின் வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். கடவுச்சீட்டு, அதாவது பாஸ்போர்ட் என்பது, ‘இவர் எம் குடிமகன்’ என்று நம் அரசு கூறும் சான்று. விசா என்பது, ‘இவர் இன்ன நோக்கத்துக்காக, இத்தனை நாள் எம் நாட்டில் தங்கலாம்’ என்று பிற அரசு தரும் இசைவு. முன்னது நம் வீட்டார் நம்மைப் பற்றிச் சொல்லும் சொல். பின்னது அயல்வீட்டார் நமக்குச் சொல்லும் சொல். பாஸ்போர்ட் இன்றுள்ள சிறு புத்தக வடிவில் உலகெங்கும் ஒருசீராக அமையத் தொடங்கியது, 1920இல் பாரிசில் நடந்த மாநாட்டிற்குப் பின்னர்தான்.

இந்த வேறுபாட்டைக் காரைக்காலில் பிறந்தவர்களுக்கு விளக்க நான் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரின் வரலாறே போதும். 1949இல் சுங்க உடன்பாடு முடிவுற்ற பின், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் அதைச் சூழ்ந்திருந்த தஞ்சை மாவட்டத்துக்கும் இடையே சுங்கச் சாவடிகள் எழுந்தன. ஒரே ஆற்றுநீர் பாயும் வயல்களுக்கு நடுவே இரு அரசுகளின் எல்லை ஓடிற்று. 1954 நவம்பர் முதல் நாள் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கு வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். எனினும், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்து அதனைப் பெறலாம் என்று ஒப்பந்தம் இடமளித்தது.

விளைவு என்ன? ஒரே தெருவில், ஏன், ஒரே குடும்பத்திலேயே, அண்ணனிடம் ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டும் தம்பியிடம் மற்றொரு நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கும் நிலை வந்தது. தம்பி பாரிசுக்கு உரிமையோடு போவார். அண்ணன் விசா கேட்டு விண்ணப்பிப்பார். அங்கே குடியேறிய தம்பி பிறந்த ஊரைப் பார்க்கக் காரைக்காலுக்குத் திரும்ப வேண்டுமானால், இப்போது விசா கேட்க வேண்டியவர் அவர்! பிற்காலத்தில் குடியுரிமைச் சட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. அந்த அட்டை பெற்றவர்க்கு ஒவ்வொரு முறையும் விசா பெறும் தேவை ஒழிந்தது. மனிதர் ஒருவரே; அவர் கையிலுள்ள தாளைப் பொறுத்து வாசல் திறக்கிறது அல்லது அடைபடுகிறது.

இனி, வந்திறங்கிப் பெறும் விசாவிற்கு வருவோம். இது உரிமை அன்று, சலுகை. ஒரு நாடு எந்த நாட்டவர்க்கு இதைத் தருவது என்று தானே முடிவு செய்கிறது. நினைத்தால் மாற்றியும் விடுகிறது. நம் நாடு 2010 ஜனவரியில் ஜப்பான், சிங்கப்பூர், பின்லாந்து, நியூசிலாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாட்டவர்க்கு இச்சலுகையைத் தொடங்கியது. நமக்கு மிக அருகிலுள்ள இலங்கை, 2012 ஜனவரி முதல் பயணத்துக்கு முன்பே மின்வழியில் அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. தாய்லாந்து, நெடுங்காலம் இந்தியர்க்கு வாசலில் விசா வழங்கிவந்து, 2023 நவம்பரில் அந்த விசாவும் வேண்டாம் என்று தளர்த்தியது. ஆகவே, சென்ற ஆண்டு போய்வந்த உறவினர் சொன்னதை நம்பிப் புறப்படலாகாது. புறப்படுவதற்கு முன் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்தே தீரவேண்டும்.

வாசலில் நிற்கும் குடிநுழைவு அதிகாரி என்ன கேட்பார்? பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி ஆகுமா என்பதைப் பல நாடுகள் முதலில் பார்க்கின்றன. முத்திரை இட வெற்றுப் பக்கம் வேண்டும். நிழற்படம், கட்டணம், திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு, தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் போதிய பணம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. மறுக்கப்பட்டவரைத் திருப்பி ஏற்றிச் செல்லும் பொறுப்பு, கொண்டுவந்த விமான நிறுவனத்தின்மேல் விழுகிறது. அதனாலேயே சென்னையில் விமானம் ஏறும்போதே இந்தக் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன.

இதுவரை சொன்னவை வசதி பற்றியவை. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

சுற்றுலா விசாவில் ஊர் பார்க்கலாம், வேலை பார்க்கலாகாது. இந்த ஒரு வாக்கியத்தை அறியாமையால் எத்தனையோ இளைஞர்கள் துன்புற்றனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட படித்த இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். தாய்லாந்திலோ லாவோசிலோ வந்திறங்கிப் பெறும் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப அறிவித்தனர். வாசலில் விசா எளிதாகக் கிடைக்கிறது. முன்கூட்டித் தூதரகத்தில் எவரும் கேள்வி கேட்பதில்லை. விருந்தினர்க்காகத் திறந்துவைத்த அந்த வாசலை வஞ்சகர்கள் தமக்குரிய வழியாக ஆக்கிக்கொண்டனர்.

இது நம் கரைக்குப் புதிய கதையும் அன்று. 1853இல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ‘ஒரேலி’ என்னும் கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது. அதன்பின் பல்லாண்டுகள், பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கப்பலேறிய துறைகளுள் காரைக்காலும் ஒன்றாக இருந்தது. தம்மால் படிக்க முடியாத தாளில் கைநாட்டு வைத்துச் சென்றவர் பலர். பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது? அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. ஆனால் கல்லூரியில் பயிலும் நீங்கள் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

வேலை என்று யாரேனும் அழைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்று நான் என்னிடம் பயில்வோரிடம் சொல்வதுண்டு. விசாவில் ‘வேலை’ என்று எழுதியிருக்கிறதா, ‘சுற்றுலா’ என்று எழுதியிருக்கிறதா? வேலை தருபவரின் பெயரும் ஊதியமும் எழுதிய ஒப்பந்தம் புறப்படும் முன்பே கைக்கு வந்ததா? அழைத்துச் செல்லும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி அரசிடம் பதிவு பெற்றவரா? ‘அங்கே போய் இறங்கியபின் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது ஒருவருடைய விடையானால், அவரோடு அடுத்த தெருவுக்கும் போக வேண்டாம்.

இதனால் பயணத்தைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது என் கருத்தன்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். கடலோரத்தில் பிறந்தவர்கள் கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவரத்தான் வேண்டும். பார்க்கப் போகிறவர் பார்க்கவென்றே சொல்லிப் போகட்டும். உழைக்கப் போகிறவர் உழைக்கவென்றே எழுதி வாங்கிக்கொண்டு போகட்டும். வாசலில் நின்று உண்மையைச் சொல்லி நுழைந்தவருக்கு, உள்ளே தீங்கு நேர்ந்தால் அந்த நாட்டுச் சட்டத்தையும் நம் தூதரகத்தையும் அச்சமின்றி நாடும் வழி இருக்கிறது. பொய்யோடு நுழைந்தவரின் அந்தப் பொய்யையே காட்டி, அவரை அடைத்துவைத்தவன் அச்சுறுத்துவான். பாஸ்போர்ட்டில் விழும் முத்திரையை, நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பதற்குரிய சாட்சியாக மதித்துப் போய்வாருங்கள்.