புகை ஒழியட்டும், பஸ் நம்முடையதாகவே இருக்கட்டும்!

(ஆனைக்குட்டத்தில் ஆற்றிய உரை)



டில்லியில் காற்று கெட்டால் முதல் பழி நமது சிவகாசிப் பட்டாசின் மேல் விழுகிறது. தீபாவளி ஒரு நாள். வண்டிப் புகையோ ஆண்டு முழுவதும்! டில்லி பஸ்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி 1998-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. முடியாது என்றார்கள், 2002 முடிவதற்குள் முடிந்தது.

டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் அறிவித்தது. அதை அதிகம் சுவாசிப்பது யார்? டிரைவர், கண்டக்டர், டிப்போ மெக்கானிக், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நாம்!

சென்னையில் 2025 ஜூன் 30-ல் 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால் பஸ் தனியார் கம்பெனியுடையது. டிரைவரும் கம்பெனி ஆள். கண்டக்டர் மட்டுமே போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழகம் பணம் கட்டுகிறது. கம்பெனியின் லாபமும் அந்தப் பணத்தில்தான்!

புகையைக் காட்டிப் பொதுச் சொத்தைக் கைமாற்றுவதா? மின்சார பஸ்களைச் சர்க்காரே வாங்கட்டும். நிரந்தரத் தொழிலாளி ஓட்டட்டும். மில்லுக்கும் பட்டாசு ஆலைக்கும் நாம் போகும் கிராமத் தடங்களுக்கும் அவை வரட்டும். நல்ல காற்று பட்டணத்துக்கு மட்டும் சொந்தமல்ல. ஒன்றுபட்டுக் கேட்போம்!