கல்நாரும் களிமண்ணும்

(சாத்தூரில் பேசியது)



மண்ணைப் பற்றிச் சாத்தூர்க்காரருக்கே பேச வந்தோமா என்று நீங்கள் சிரிக்கலாம். மழையில் உப்பிக் காலைப் பிடிப்பதும், கோடையில் பாளம் பாளமாய் வெடிப்பதுமான கரிசலை மிதித்து வளர்ந்தவர்கள் நீங்கள். அது வெடிப்பது பூமாதேவியின் கோபத்தாலல்ல. அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண்ணின் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து வெளியேறுவதால்தான்.

செய்யாற்றுப் பக்கத்து ஜடேரி நாமக்கட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாடுபட்டுச் செய்கிறவனுக்குப் பெருமை வரட்டும். ஆனால் அதுவும் அலுமினியமும் சிலிக்காவும் நீரும் கூடிய வெள்ளைக் களிமண்தான். வடகலையா தென்கலையா என்று கோர்ட்டுப் படியேறிய பக்தர்களில் ஒருவராவது இது என்ன மண் என்று கேட்டதுண்டா?

நிற்க. நம் உயிரோடு சம்பந்தப்பட்ட சரக்கு வேறொன்று இருக்கிறது. கொட்டகைகளுக்கும் வீடுகளுக்கும் போட்டிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது பெரும்பாலும் கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார். அதன் தனி இழையின் பருமன் சுமார் 25 நானோமீட்டர்; ஒரு தலைமயிரின் அகலத்தில் ஆயிரக்கணக்கான இழைகளை அடுக்கலாம். சாதாரண மைக்ராஸ்கோப்பு 200 நானோமீட்டருக்குக் கீழே தடுமாறும். 1931ல் ஜெர்மனியில் ரஸ்காவும் நோலும் செய்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வழியில் வந்த கருவிகளில் பார்த்தால்தான், பாயைச் சுருட்டினாற்போல் உள்ளே பொள்ளலான குழாய் என்பது பிரத்தியட்சமாகும்.

பார்த்தால் போதுமா? போதாது. ஹாலோய்சைட் என்ற களிமண்ணும் குழாயாகத் தெரியும். எலெக்ட்ரான் பட்டதும் அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்ரேயை அளந்தால் களிமண்ணில் அலுமினியம், கல்நாரில் மக்னீசியம் என்று குட்டு வெளிப்படும். அப்படியானால் ரசாயனப் பரீட்சை மட்டும் போதுமா? அதுவும் போதாது. லிசார்டைட் என்ற கல்லுக்கும் கிரைசோடைலுக்கும் சரக்கு ஒன்றே. ஆனால் அது தகடு, இது நார். உருவம், சரக்கு, அணுக்களின் அடுக்கு எல்லாம் பார்த்தே கல்லுக்குப் பெயர் வைக்கிறார்கள். மனிதனுக்கு மட்டும் பிறந்த வீட்டைக் கேட்டதும் பெயர் வைத்துவிடுகிறோம்!

மூச்சில் போன இந்த நார் கரைவதற்குள் நுரையீரலைக் கெடுத்துவிடும். தழும்போ புற்றுநோயோ வெளிப்பட 20, 30, 40 வருஷங்கூட ஆகும். அதற்குள் ஷீட் அறுத்தது மறந்துபோகும். தலைவிதி என்பான் ஒருவன், பூர்வஜென்ம பாவம் என்பான் ஜோசியன். 1995ல் சுப்ரீம் கோர்ட்டு கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியக் கணக்கைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்கச் சொன்னது இதனால்தான். 60க்கு மேற்பட்ட தேசங்கள் இந்தச் சரக்கையே தடுத்துவிட்டன. நம் சர்க்காரோ வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்ய விட்டிருக்கிறது.

இங்கே ஒரு பழைய கொட்டகையைப் பிரிக்கப்போவதாக வந்ததும் கேள்விப்பட்டோம். கீழே விழுந்து கிடக்கும் துண்டொன்றை நனைத்து, இரட்டைப் பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பும்படி சொல்லியிருக்கிறோம். முடிவு வருமட்டும் யாரும் சம்மட்டியைத் தொட வேண்டாம். தூசியை உலர்ந்தபடி பெருக்கவும் வேண்டாம்.