கெடுவும் கலையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் திங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. தலைப்பும் நாளும் குறித்துக் கொடுத்து எழுதச் சொல்வது கவிதைக்கு ஆக்கமா, கேடா என்பதே அவ்வழக்கு. தானாக ஊறுவதே கவிதை என்பர் ஒரு சாரார். கேட்ட பொழுதில் தரவல்லவனே கவிஞன் என்பர் மறு சாரார். இவ்வழக்கிற்கு அயல்நாட்டிலிருந்து மூன்று சாட்சிகளை அழைக்கிறேன். முதல் சாட்சி செவ்வியல் இசையமைப்பாளர். இரண்டாவது சாட்சி படக்கதை ஓவியர். மூன்றாவது ஒரு ராக் இசைக்குழு. இவர்களை ஒரே வரிசையில் அமர்த்தலாமா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். கெடுவுக்கு உட்பட்டு உழைத்தவர்கள் என்ற அளவில் மூவரும் ஓரினமே. தீர்ப்புகள் மட்டும் என் சொந்தக் கருத்துகள்.

யோகான் செபாஸ்தியன் பாக் 1723இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் தேவாலய இசைப் பொறுப்பை ஏற்றார். பெரும்பாலான ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் வழிபாட்டில் காண்டாட்டா எனும் இசைப்பாடல் ஒலிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் அவற்றுள் பெரும்பாலானவற்றை அவரே புதிதாக இயற்றினார். இயற்றி, படியெடுக்கச் செய்து, பாடுவோரைப் பயிற்றி, ஞாயிறன்று அரங்கேற்றி, மறுநாளே அடுத்ததைத் தொடங்க வேண்டிய வாழ்வு அது. ‘உள்ளம் இசையவில்லை’ என்று விடுப்புக் கேட்க அங்கே வழியில்லை. ஆயினும் நம் கைக்கு எட்டியுள்ள ஏறத்தாழ 200 தேவாலயக் காண்டாட்டாக்களில் கூலிக்கு மாரடித்த ஓசை மிக அரிது.

பாக் அத்துடன் நிற்கவில்லை. வாழ்நாளின் இறுதியில், முன்பு வேறு வேறு தேவைகளுக்காக இயற்றிய பகுதிகளை எடுத்து, திருத்தி, புதியன சேர்த்து, ‘பி மைனர் மாஸ்’ என்ற பேரிசையாகக் கோத்தார். அது முழுமையாக அரங்கேறியதாக அவர் காலச் சான்று ஏதும் இல்லை. 1750இல் அவர் மறைந்தார். கெடுவுக்குப் பிறந்தவை, கெடுவே இல்லாத ஒரு படைப்பில் நிலைபெற்றன. மேனாட்டு இசையில் என் முதல் வணக்கம் அவருக்கே.

இரண்டாவது சாட்சி, ‘எர்ஷே’ என்ற பெயரில் வரைந்த பெல்ஜிய ஓவியர் ஜார்ஜ் ரெமி. இவருடைய டின்டின் 1929இல் ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பில் தோன்றினான். வாரந்தோறும் பக்கங்கள் தந்தாக வேண்டும். அந்த ஓட்டத்தில் 1930–31இல் டின்டினைக் காங்கோவுக்கு அனுப்பினார். தாம் காணாத நாட்டை, ஆள்வோரின் கண்ணாடி வழியே வரைந்தார். அம்மக்களை ஏளனம் செய்யும் கோடுகளை இன்று பார்க்கக் கூசுகிறது. அவசரம் இதற்குச் சமாதானம் ஆகாது. கை விரைகையில், ஊரில் மலிந்த பொய்யே முதலில் வந்து விழும்.

1934இல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவரின் நட்பு எர்ஷேவுக்குக் கிடைத்தது. அதன் பயன் ‘நீலத் தாமரை’. ஜப்பானின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து, சீனரைப் பற்றிய ஐரோப்பியரின் கட்டுக்கதைகளை எள்ளிய கதை அது. வாராந்தரக் கெடு அப்போதும் இருந்தது, மாறியது பார்வை. காங்கோ கதையையும் 1946இல் திருத்தி வண்ணத்தில் வெளியிட்டார். குடியேற்ற ஆட்சியைப் புகழும் பாடம் கணக்குப் பாடமாயிற்று. ஏளனக் கோடு மட்டும் எஞ்சிற்று. சொல்லைத் திருத்துவது எளிது, கண்ணைத் திருத்துவதே அரிது என்பதற்கு இந்த இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது சாட்சி பீட்டில்ஸ். 1963 பிப்ரவரி 11 அன்று, இலண்டனில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். தடுமன் பிடித்திருந்த ஜான் லெனன் கடைசிப் பாடலைத் தொண்டை கிழியப் பாடினார். அந்தக் கிழிசலே அதன் அழகு. 1966 ஆகஸ்டில் மேடைச் சுற்றுப்பயணங்களைக் கைவிட்டு, பதிவுக்கூடத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டை உருவாக்கினர். 1967இல் வெளியான அதனை உலகம் கொண்டாடியது. என் செவிக்கோ, பயணக் கெடு இன்னும் கழுத்தில் இருந்தபோது செய்த ‘ரிவால்வர்’ அதனினும் செறிவானது. ஓய்வு அலங்காரத்தைத் தரும். செறிவைத் தந்தே தீரும் என்பதில்லை.

மூன்று சாட்சிகளும் ஒன்றைச் சொல்கின்றனர். கெடு கலையைக் கொல்வதில்லை. ஆனால் கெடுவுக்கு எழுதினோம் என்பது குறைக்கு மன்னிப்பும் ஆகாது. அரங்கேறிய பிறகு படைப்பாளி அதனிடம் திரும்பிச் செல்கிறானா என்பதே வினா. கவியரங்கில் கைதட்டல் பெற்ற கவிதையை நம்மில் எத்தனை பேர் மறுநாள் எடுத்துப் பார்க்கிறோம்?

ஆதலால் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டு முதல், ஆண்டுக்கு ஒரு கூட்டத்திற்குத் தலைப்பே வேண்டாம். அன்று ஒவ்வொருவரும் முன்பு படித்த ஒரு கவிதையைத் திருத்திக் கொண்டுவந்து, பழைய வடிவையும் புதிய வடிவையும் அவைமுன் வைப்போம். பத்தாண்டுகள் எழுதக் கற்றுத் தந்த இவ்வட்டம், இனித் திருத்தவும் கற்றுத் தரட்டும்.