அப்பா போட்ட கேள்விக்குறி

(சபையின் ஆண்டு நிறைவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப ஐக்கியக் கூட்டத்தில், தாதியாகப் பணிபுரியும் சபை அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



குடும்பச் சொத்தையும் உயிலையும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நான் சட்டத்தரணி அல்ல, தாதி. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "ஆண்டு நிறைவு நாளில் சாவைப் பற்றியா பேசப்போகிறாய்?" என்று கேட்டார். "இல்லை அம்மா, தம்பியைப் பற்றிப் பேசப்போகிறேன்" என்றேன். "அப்படியென்றால் பேசு" என்று அனுமதி தந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் தம்பியுடன் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தம்பியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகங்களை ஒன்றும் விடாமல் அடுக்கி வைப்பவன் அவன்தான். பத்து வயதில் யாழ்ப்பாணத்தில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அவனுடைய அறிவு வளர்ச்சி அங்கேயே நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு வயது 41. அப்பா, அம்மா, தம்பி மூவரும் எனக்கு முன்னரே சிட்னிக்கு வந்துவிட்டார்கள். நான் லண்டனில் தாதிப் பயிற்சி முடித்து, அங்கே சில காலம் வேலை செய்து, 2006 இல் வந்து சேர்ந்தேன். அண்ணா ரொறொன்ரோவில் இருக்கிறார். நாங்கள் இருக்கும் வீட்டுக்கு முதற் பணத்தின் பெரும் பங்கை அனுப்பியவர் அவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

2017 இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார், ஆனால் பேச்சுப் போய்விட்டது. ஏழு மாதம் அப்படியே இருந்தார். இரண்டாம் வாரத்தில் வைத்தியர் எங்களை ஒரு சிறிய அறைக்குள் அழைத்து, விழுங்க முடியாதபடியால் வயிற்றில் குழாய் போடலாமா என்று கேட்டார். "அவரால் பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்றும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். தொலைபேசியில் அண்ணா, "எல்லாம் செய்யுங்கள், ஒன்றையும் விடாதீர்கள்" என்று அழுதார். அம்மாவோ, "அந்த மனிசனை இனி வருத்தாதேயுங்கோ" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதே கேள்வியை நானே எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். என் அப்பாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, நோயாளி யாரையும் நியமித்திருக்காவிட்டால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை முதலில் துணைவருக்கு வரும். ஆகவே முடிவு அம்மாவின் தலையில் விழுந்தது. அவர் குழாய்க்குச் சம்மதித்தார். அது சரியா பிழையா என்று இன்றும் சில இரவுகளில் என்னிடம் கேட்கிறார்.

பணத்தில் அந்த வழியும் இல்லை. ஒரு வங்கியில் அப்பாவின் பெயரில் மட்டும் ஒரு வைப்பு இருந்தது. அம்மா போய்க் கேட்டபோது, மனைவி என்பதற்காகத் தர முடியாது என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். அற்றோணித் தத்துவம் எழுதித் தரும் நிலையை அப்பா கடந்துவிட்டார். கடைசியில் என்கற் என்று சொல்லும் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்து, விசாரணைக்குப் போய், கட்டளை பெற்றுத்தான் அந்தப் பணத்தைத் தொட முடிந்தது. ஐம்பது வருடம் அவரோடு வாழ்ந்த பெண், அவருடைய செலவுக்கணக்கை அந்நியருக்கு எழுதிக்கொடுத்தார்.

அப்பா போன பிறகு அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கினோம். கடையில் விற்கும் உயில் படிவம் ஒன்று இருந்தது. பாதி நிரப்பியிருந்தார், கையெழுத்து இல்லை. சொத்து யாருக்கு என்ற இடத்தில் எங்கள் மூவரின் பெயரும் அவருடைய அழகான எழுத்தில் இருந்தன. தம்பியின் பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

அன்பானவர்களே, இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான். அந்தப் படிவத்தில் பெயர் எழுத இடம் இருந்தது, பங்கு எழுத இடம் இருந்தது. அப்பாவின் கவலையை எழுத இடம் இருக்கவில்லை. அவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். எங்களிடமும் கேட்கவில்லை.

உயில் இல்லாவிட்டால் சட்டம் பங்கிடும். நியூ சவுத் வேல்ஸில் 2006 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும் துணைவருக்கும் பிறந்தவர்கள் என்றால், முழுவதும் துணைவருக்கே போகும். அதனால் அப்பாவின் காரியம் அம்மாவோடு முடிந்தது. அம்மாவும் எழுதாமல் போயிருந்தால், மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாகப் பிரிக்க வீட்டை விற்க வேண்டும், தம்பி இருக்கும் அறை போய்விடும். அவன் பங்கு காசாகக் கைக்கு வந்தால், சென்டர்லிங்கின் சொத்துக் கணக்கில் சேர்ந்து அவனுடைய ஓய்வூதியம் குறையலாம், நிற்கவும் நிற்கலாம். அந்தக் காசைப் பார்க்க அவனால் முடியாதென்பதால் மறுபடியும் தீர்ப்பாயம். சமபங்கே அவனுக்குத் தீங்காய் முடிந்திருக்கும்.

சட்டத்தின் பங்கீடு கடையில் தொங்கும் ஆயத்த உடுப்பு. எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும், உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை அது பாராது. நம் ஊர்களையே பாருங்கள். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அதைத் தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். திருவிதாங்கூரில் 1916 இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டமோ, உயில் இல்லாத தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அதுவே என்றது. மேரி ரோய் என்ற தாய் வழக்காடி, 1986 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றுதான் அது மாறியது. வேதாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேக்கு முன் வந்து நின்று கேட்டதை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அறிவார்கள். பொது விதி எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் அவர்களுடைய முறையீடும்.

ஆகவே அம்மா என்ன செய்தார் என்று சொல்கிறேன். முதலில் ஒரு சனிக்கிழமை எங்களைச் சாப்பாட்டு மேசையில் இருத்தினார். அண்ணா தொலைபேசித் திரையில் இருந்தார். "என்னிடம் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு எழுதுவோம். நான் இல்லாமல் போனால் யாருக்கு என்ன குறையும் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் பெரியவர்கள் வீடு, வரி, வங்கி என்று பேசிக்கொண்டே போனோம். அம்மா தம்பியைக் கேட்டார். அவன் யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?" என்றான். அதன்பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் சட்டத்தரணியிடம் போனோம். உயிலில் தம்பியின் பங்கு அவன் கைக்கு வராமல் ஒரு ட்ரஸ்டாக இருக்கும். அண்ணாவும் நானும் சேர்ந்து பொறுப்பாளர்கள், ஒருவர் தனியே பணம் எடுக்க முடியாது. வீட்டில் அவன் விரும்பும்வரை இருக்கலாம். கடுமையான இயலாமை உள்ளவர்களுக்கென்று 2006 முதல் இந்த நாட்டில் தனி வகை ட்ரஸ்ட் ஒன்று உண்டு. அதில் ஒரு எல்லைவரை உள்ள சொத்து ஓய்வூதியக் கணக்கில் சேராது. அதற்குத் தகுதி விதிகளும் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அண்ணாவுக்கு இது சுகமாக இருக்கவில்லை. வீட்டுக்குப் பணம் தந்தவர் அவர், வீடோ அவர் உயிரோடு இருக்கும்வரை விற்கப்படாமலே போகலாம். சில வாரம் பேச்சுக் குறைந்தது. அம்மா அதைச் சட்டத்தரணியிடம் விடவில்லை, தானே அழைத்துப் பேசினார். மானிப்பாயில் அம்மாவின் சீதனக் காணி ஒன்று இருக்கிறது, கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கும் வளவு. அதை அண்ணாவுக்கு என்று, தான் இருக்கும்போதே அங்குள்ள நொத்தாரிசைக் கொண்டு உறுதி முடித்துக் கொடுத்தார். விலையைப் பார்த்தால் அது சிட்னி வீட்டுக்கு ஈடாகாது. ஆனால் அண்ணா, "என்னையும் நினைத்தீர்களே" என்றார். அடுத்த ஜூலையில் வந்து, தம்பியோடு மூன்று வாரம் இருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் உள்ள காணிக்கு ஊர்ச் சட்டம். இங்கே எழுதும் உயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இங்கே உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும். இலங்கையில் நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அந்தந்த நாட்டுக்காரரைக் கேளுங்கள்.

கடைசியாக அம்மா ஒரு பள்ளிக்கொப்பியில் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். அதற்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. தம்பிக்குச் சொதியில் மிளகாய் போடக்கூடாது, இடி இடித்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தால் முதலில் சொல்ல வேண்டும் என்று பதினொரு பக்கம். எனக்கு அந்தக் கொப்பிதான் உயில்.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, உயில் எழுதுங்கள். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உங்கள் அருகில் இருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில், பங்கு பெறுபவரே சாட்சி வைத்தால் பெரும்பாலும் அந்தப் பங்கை இழப்பார், ஆகவே பிள்ளைகளைச் சாட்சியாக வைக்காதீர்கள். திருமணம் பழைய உயிலைப் பொதுவாக இல்லாமல் செய்துவிடும். புதிதாக மணமுடித்தவர்கள் மறக்க வேண்டாம்.

இரண்டு, சுப்பர் பணம் தானாக உயிலுக்குள் வராது. யாருக்கு என்று சுப்பர் நிறுவனத்தின் படிவத்திலேயே எழுத வேண்டும். பல நிறுவனங்களில் அந்தப் படிவம் மூன்று வருடத்தில் காலாவதியாகும்.

மூன்று, பணத்துக்கு நீடித்த அற்றோணித் தத்துவம். சிகிச்சைக்கும் இருப்பிடத்துக்கும் நியூ சவுத் வேல்ஸில் என்டியூரிங் கார்டியன். விக்டோரியாவில் 2018 மார்ச் முதல் சிகிச்சைக்கு மருத்துவ முடிவெடுப்பவர் ஒருவரைத் தனியே நியமிக்க வேண்டும். இவற்றைச் சுயநினைவு தெளிவாக இருக்கும்போது மட்டுமே எழுத முடியும். தாதியாக இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்கு, சிறு பிள்ளைகள் உள்ளவர்கள், இருவருக்கும் ஏதும் நடந்தால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று உயிலில் எழுதுங்கள். நம் தாய் தகப்பன், சகோதரர் எல்லாம் கடல் கடந்து இருக்கிறார்கள். இங்கே பக்கத்து வீட்டில் சித்தி இல்லை. எழுதுமுன் அந்த ஆளைக் கேட்டுச் சம்மதம் பெறுங்கள்.

ஐந்து, எழுதியதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

பிள்ளைகளே, பயப்பட ஒன்றுமில்லை. மழை வருமுன் குடையை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது போலத்தான் இது. நீங்கள் இன்று வீட்டில் ஒரு கேள்வி கேட்கலாம்: "அம்மம்மா, உங்களுக்கு வருத்தம் வந்தால் நாங்கள் என்ன செய்வது உங்களுக்குப் பிடிக்கும்?" பெரியவர்கள் கேட்கக் கூசும் கேள்வியை நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள்.

சிலர் இதை விசுவாசக் குறைவு என்கிறார்கள். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாயைத் தம் சீடன் ஒருவனுடைய பொறுப்பில் ஒப்படைத்தார். அவரிடம் பிரித்துக் கொடுக்கச் சொத்து இருக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு தாய் இருந்தார்.

எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எனக்கு வயது 48. எனக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. என் இரண்டு பிள்ளைகளிடமும் நான் வாக்குக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இப்போது லாச்சிக்குள் இல்லை, மேசையில் இருக்கிறது. எல்லாரும் பார்க்கிறோம்.

தம்பியின் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. இதை நான் கூட்டத்துக்கு முன் இரண்டு குடும்பங்களிடம் சொன்னேன். "ஞாயிறு காலை எங்கள் காரில் ஒரு இடம் எப்போதும் அவனுக்கு" என்றார்கள். அம்மா அதைக் கொப்பியின் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டார்.

இன்று வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டின் கேள்விக்குறி எது என்று பாருங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.