சாலையில் போகும் ட்ரைமரான்: எட்டரை அடிக்குள் மடங்கும் ஒரு படகு

இன்னைக்கு ஒரு பாய்மரப் படகைப் பத்திப் பேசப்போறோம். இன்னும் சரியா சொல்லணும்னா, ஒரு வடிவமைப்புச் சிக்கலைப் பத்தி. படகு தண்ணீரில் 5.8 மீட்டர் அகலம் இருக்கணும். அதே படகு சாலையில் 2.59 மீட்டருக்குள் அடங்கணும். ஏன்னா அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் போகக்கூடிய அகலம் அவ்வளவுதான், 8 அடி 6 அங்குலம்.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் இயன் ஃபேரியர். நியூசிலாந்துக்காரர். 1970களில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது மடங்கும் படகுகளைச் செய்ய ஆரம்பித்தார். அப்புறம் அமெரிக்கா போய், 1985-ல் எஃப்-27 என்ற படகைக் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவில் சூலா விஸ்டா என்ற ஊரில் கோர்சேர் மரைன் கம்பெனி அதைக் கட்டியது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஜான் வால்டன், வால்மார்ட் சாம் வால்டனோட மகன். அது வேற கதை, விடுங்க.

ட்ரைமரான் என்றால் நடுவில் ஒரு பெரிய உடல், ரெண்டு பக்கமும் ஒல்லியான மிதவைகள், இவற்றை இணைக்கும் கைகள். அந்தப் பேர்ல நம்ம மரம் இருக்கு, கவனிச்சீங்களா? கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆச்சு. நம்ம கட்டுமரத்தில் ரெண்டு உடல் கிடையாது, மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஆனா ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரட்டை உடல் படகுக்குப் போய் ஒட்டிக்கிச்சு. பிறகு விக்டர் செச்செட் என்பவர், உக்ரைனிலிருந்து அமெரிக்கா போனவர், மூணு உடல் படகுக்கு அதிலிருந்தே ட்ரைமரான்னு பேர் வச்சார். பேர் நம்மளது, வடிவம் பசிபிக் தீவுக்காரங்களோடது.

சரி, ஏன் இவ்வளவு அகலம்? ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நிக்கறவரைப் பாருங்க. காலை அகட்டி வச்சு நிப்பார். பாய்மரப் படகைக் காற்று எப்பவும் சாய்க்கப் பார்க்கும். சாதாரணப் படகு அதைச் சமாளிக்க அடியில் ஈயமோ இரும்போ கட்டித் தொங்கவிடும், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி. ட்ரைமரான் காலை அகட்டுது. எஃப்-27-ன் எடை சுமார் 1,200 கிலோ. ஆட்கள், சாமான் சேர்த்து 1,500 கிலோன்னு வச்சுக்கோங்க. சாயும்போது காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்க மிதவை மொத்த எடையையும் தாங்கும். நடுவிலிருந்து அந்த மிதவை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கு. 1,500 கிலோவை இரண்டரை மீட்டர் நெம்புகோலில் வச்சு நிமிர்த்துற மாதிரி. அதுக்கு ஈயம் வேண்டாம்.

ஈயம் இல்லேன்னா எடை குறையும். எடை குறைஞ்சா உடலை ஒல்லியாக்கலாம். இங்கேதான் வேகம் வருது. அகலமான உடல் தண்ணீரைத் தள்ளி ஒரு அலையை உருவாக்கி, அந்த அலைக்குள்ளேயே மாட்டிக்கும். 26 அடி நீளத்துக்கு அந்த வேகம் மணிக்கு 7 கடல் மைலுக்குக் கீழே. ஒல்லி உடலுக்கு இந்தப் பூட்டு கிடையாது, நல்ல காற்றில் எஃப்-27 பதினஞ்சைத் தாண்டும். எடை குறைஞ்சதால் சாதாரண பிக்கப் வண்டியே இழுக்கும். ஒரே முடிவு, மூணு லாபம்.

இப்போ மடிக்கிறது. கைகளைக் கழற்றி மாட்டலாமே என்று கேட்பீங்க. மாட்டலாம். ஆனா கடற்கரையில் ரெண்டு மணி நேரம் நட்டு போல்ட்டோடு உக்காரணும்னா, மூணாவது வாரம் படகு வீட்டுலயே கிடக்கும். என்னைக் கேட்டால், டிரெய்லர் படகின் உண்மையான எதிரி காற்று இல்லை, இந்தச் சோம்பல்தான். ஃபேரியர் அதைப் புரிஞ்சுக்கிட்டவர்.

அவர் வழி இது. ஒவ்வொரு கையையும் படகின் உடலோடு மேலே ஒன்று, கீழே ஒன்று என ரெண்டு சின்னத் தாங்குசட்டங்கள் இணைக்கும். மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ஃபோர் பார் லிங்கேஜ்னு சொன்னா போதும். மத்தவங்க குடைக்குள்ள இருக்கற கம்பிகளை நினைச்சுக்கோங்க. மடிக்கும்போது கையின் உள்முனை மேலே எழும்பும், மிதவை கீழே இறங்கி உடலோடு ஒட்டிக்கும். ஒரு கைக்கு ஒரு போல்ட், மொத்தம் நாலு. தண்ணீரில் மிதந்துக்கிட்டே சில நிமிடங்களில் மடிக்கலாம். மடிச்ச அகலம் 2.56 மீட்டர். சட்டத்துக்கு மூணு சென்டிமீட்டர் உள்ளே!

எனக்கு ரொம்பப் பிடிச்சது விசை போகும் விதம். ஓடும்போது தண்ணீர் மிதவையை மேலே தள்ளும். மிதவை மேலே போகப் பார்த்தால், கையின் உள்முனை கீழே அழுந்தும், தனக்கான பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக உக்காரும். கடலோட சுமை பூட்டைத் திறக்கப் பார்க்காமல், பூட்டை இறுக்குது. அந்தப் போல்ட்டுக்குப் பெரிய வேலையே இல்லை. சுமை எந்தப் பக்கம் வரும்னு யோசிச்ச பிறகுதான் கீலை எங்கே வைக்கணும்னு முடிவு பண்ணியிருக்கார்.

ஆனா மடிஞ்ச மிதவைக்கு இடம் வேணுமே? அதனால் நடு உடல் தண்ணீர் மட்டத்தில் ஒல்லியாக இருந்து, மேலே ஒரு படி மாதிரி விரியும். அந்த விரிவுக்குக் கீழேதான் மிதவை ஒளியுது. விரிவுக்கு மேலேதான் படுக்கையும் அடுப்பும். தரை ரொம்பக் குறுகல், தோள்பட்டை உயரத்தில் கொஞ்சம் தாராளம், ஒரு பழைய ரயில் பெட்டியின் வழி மாதிரி. அதே நீளமுள்ள சாதாரணப் படகில் இதைவிட வசதியாக இருக்கலாம். அது நிஜம்.

இன்னொரு விலையும் உண்டு. மடிக்கும்போது மிதவையும் 90 டிகிரி அளவுக்குத் திரும்பிப் படுத்துக்கும். எப்பவும் தண்ணீருக்கு மேலே இருக்கும் வெளிப்பக்கம் தண்ணீருக்குள் போயிடும். மடிச்சபடி படகுத்துறையில் வாரக்கணக்கில் விட்டால் அங்கே பாசி, சிப்பி. டென்மார்க்கின் டிராகன்ஃபிளை படகுகள் வேற வழி எடுத்தன. கைகள் பக்கவாட்டில் பின்னோக்கிச் சுழலும், மிதவை நிமிர்ந்தே நிற்கும், பாசித் தொல்லை இல்லை. ஆனா மிதவைகள் பின்னால் நீட்டிக்கும், மடிச்ச படகு நீளமாகிடும். படகுத்துறையில் வச்சுக்கிறவருக்கு டிராகன்ஃபிளை, வாராவாரம் வண்டியில் இழுத்துப் போறவருக்கு ஃபேரியர். என் கணக்கு அதுதான்.

கடைசியா, இதைச் சொல்லாம இருக்கக் கூடாது. தலையாட்டி பொம்மை கவிழ்ந்தாலும் எழுந்துடும். ட்ரைமரான் கவிழ்ந்தால் எழாது. தலைகீழாகவும் அது அதே அகலத்தோடு உறுதியாக மிதக்கும். ஈயம் இல்லாததால் மூழ்கிப் போகாது என்பது ஆறுதல், ஆனா தானாகத் திரும்பாது. 1960களில் இந்தப் படகைச் சாதாரண ஆட்கள் வீட்டுக் கொல்லையில் ஒட்டுப்பலகையில் கட்டும் அளவுக்குப் பரப்பியவர் ஆர்தர் பைவர். 1968-ல் தனியாகக் கிளம்பியவர், கடலில் காணாமல் போனார்.

வடிவமைப்பாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மிதவையைப் பெரிதாக்குவது. ஒரே மிதவை மொத்தப் படகையும் தாங்கி, இன்னும் மிச்சம் வச்சிருந்தால் மூக்கு குத்தி விழும் அபாயம் குறையும். ஃபேரியர் அப்படித்தான் செய்தார். மீதி, ஓட்டுறவர் கையில. சாதாரணப் படகு ரொம்பச் சாய்ஞ்சு, ‘போதும், பாயைக் குறை’ன்னு எச்சரிக்கும். ட்ரைமரான் அவ்வளவா சாயாது, வேகம்தான் கூடிக்கிட்டே போகும், நமக்கோ குஷியா இருக்கும். அதனால இதை ஓட்டுறவங்க சாய்வை நம்பறதில்லை, காற்றின் வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்துப் பாயைச் சுருக்குறாங்க. அப்புறம் எடை. 1,200 கிலோ படகில் ஐஸ் பெட்டி, சைக்கிள், கூடுதல் தண்ணீர் கேன்னு 300 கிலோ ஏத்தினால், அது நாலில் ஒரு பங்கு. ஒல்லி உடல் உடனே அமுங்கும், வேகமும் போயிடும்.

ஃபேரியர் 2017-ல் இறந்துட்டார். எஃப்-27 நானூறுக்கு மேல் கட்டப்பட்டது, இன்னும் பல ஓடிக்கிட்டிருக்கு. பழைய ஒன்றை வாங்கப் பார்க்கிறவங்க வண்ணத்தையும் பாயையும் அப்புறம் பார்க்கட்டும். முதல்ல மடிச்சு விரிச்சுக் காட்டச் சொல்லணும், அந்த எட்டுத் தாங்குசட்டங்களும் உடலைத் தொடும் இடங்களில் விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.