பில்லோடு சேர வேண்டிய காகிதம்



"விஷவாயு தாக்கி இருவர் பலி" என்ற தலைப்பைப் பார்த்தால் அந்தச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பெரும்பாலும் முடிவில் ஒரு வாக்கியம் இருக்கும்: இறந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சாக்கடை மாநகராட்சியுடையது, கழிவுநீர்த் தொட்டி ஓர் ஆலையுடையது அல்லது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புடையது. இறங்கிச் செத்தவர் மட்டும் யாருடைய ஆளும் இல்லை. அவரை அப்படி ஆக்கிய ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வேலை எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். அலுவலகம் டெண்டர் விடுகிறது. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகிறது. அவர் அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விடுகிறார். அந்த இன்னொருவர் ஒரு மேஸ்திரியைக் கூப்பிடுகிறார். மேஸ்திரி காலையில் தெருமுனையில் நிற்கிற இரண்டு பேரை அன்றைய கூலிக்கு அழைத்துப் போகிறார். முதல் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு பற்றி ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது. "பணியாளர் பாதுகாப்புக்கும் விபத்துக்கும் ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு" என்பதுபோல ஒரு வரி. கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அது நிம்மதி தருகிறது. குழிக்குள் இருப்பவருக்கு அதனால் ஒரு மூச்சுக் காற்றுகூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

சட்டம் அந்த நிம்மதியை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டிருந்தாலும், அதில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் கடமை அவருக்கும் இருந்தது. கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம் என்றது அது. தொழிலாளியை அலையவிடக் கூடாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் எவரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. "நான் இறக்கவில்லை, கான்ட்ராக்டர் இறக்கினார்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 377 பேர் இப்படி இறந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

பல்ராம் சிங் என்பவர் இது பற்றித் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரிழப்புக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் இருக்கிறது. அரசும் அதன் நிறுவனங்களும் இந்த வேலையை வெளியே விடும்போது பயன்படுத்த ஒரு மாதிரி ஒப்பந்தம் வேண்டும். சட்டம் சொல்லும் பாதுகாப்பு அளவுகள் அதில் இடம்பெற வேண்டும். உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஒப்பந்தம் உடனே ரத்தாக வேண்டும், பணப்பொறுப்பும் சுமத்தப்பட வேண்டும். அந்த நிறுவனம் கறுப்புப் பட்டியலுக்கும் போகலாம். முப்பது லட்சம் ஒருவர் இறந்த பிறகு வருகிற பணம். இறப்பதற்கு முன்னால் அவருக்கு உதவக்கூடிய பகுதி இந்த மாதிரி ஒப்பந்தம்தான்.

அதில் என்ன இருக்க வேண்டும்? முதலில் பணத்திலிருந்து தொடங்குகிறேன். வாயு அளக்கும் கருவி, ஆளை மேலே இழுக்கும் முக்காலி, இடுப்பு வார், காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி, மேலே காத்து நிற்கும் ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு விலை கேட்கும் ஒப்பந்ததாரர் டெண்டரில் தோற்றுப்போவார். எதையும் போடாதவர் ஜெயிப்பார். குறைந்த விலைக்கே வேலை என்ற விதி நேர்மையானவரை வெளியே தள்ளுகிறது. ஹாங்காங் அரசு 1996-இல் தன் பொதுப்பணி ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வழி கண்டது. பாதுகாப்புச் செலவை விலைப் போட்டியிலிருந்து பிரித்து, ஒப்பந்தத் தொகையில் ஏறக்குறைய இரண்டு சதவீதத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். செய்து முடித்ததைச் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பணம் கிடைக்கும். செய்யாவிட்டால் கிடைக்காது. பாதுகாப்பில் மிச்சம் பிடித்து லாபம் பார்க்கும் வழி அடைபட்டது. நம் டெண்டர்களின் விலைப்பட்டியலிலும் இப்படி ஒரு தனி வரி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது அளவு. ஒப்பந்ததாரரின் பாதுகாப்பை எதை வைத்து மதிப்பிடுவது? பல இடங்களில் விபத்து எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். விபத்து இல்லாவிட்டால் பாராட்டு, இருந்தால் அபராதம். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சிறு காயங்கள் கணக்கிலிருந்து காணாமல்போக இதுவே காரணமாகிறது. மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றி ஏதாவது ஒரு கிளினிக்கில் காட்டிவிட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் பதிவேடு சுத்தமாக இருக்கும். அந்த மயக்கம் அடுத்து வரப்போகும் சாவுக்கு எச்சரிக்கை. அதை மறைக்கத்தான் அந்த ஒப்பந்தம் கூலி கொடுக்கிறது. ஆகவே விபத்துக்கு முன்பு செய்த வேலையை அளக்க வேண்டும். மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காற்றாட விட்டார்கள், கருவி என்ன அளவு காட்டியது, அதைக் குறித்தவர் யார், மேலே நின்றவர்கள் யார் யார்? இந்தக் குறிப்பு ஒவ்வொரு குழிக்கும் வேண்டும். அந்தத் தாள் இணைக்கப்படாத பில்லுக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். மயக்கத்தையும் வழுக்கி விழுந்ததையும் தாமாக முன்வந்து தெரிவிப்பவருக்கு அபராதம் இருக்கக் கூடாது.

கருவியை நான் இத்தனை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று ஒருவர் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அங்கே மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும், அவரைத் தூக்க இன்னொருவர் பதறி இறங்குகிறார். அவரும் சாய்கிறார். செய்திகளில் இருவர், மூவர் என்று வருவது இதனால்தான். இறங்கியவரை மேலிருந்தே இழுக்கக்கூடிய முக்காலியும் கயிறும் இல்லாத இடத்தில் வேலை தொடங்கக் கூடாது. தொடங்கச் சொன்னால் மறுக்கும் உரிமையும், மறுத்தவருக்கு அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்காமல் தலைக்கவசம் மட்டும் கொடுத்துப் பயன் இல்லை.

இவ்வளவு சொன்னாலும் ஒரு பெரிய ஓட்டை மிச்சம் இருக்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் நேர்ந்த 54 சாவுகளை மத்திய அரசு சமூகத் தணிக்கை செய்தது. அவற்றில் 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். அரசு எவ்வளவு நல்ல மாதிரி ஒப்பந்தம் எழுதினாலும் அவர்கள் கைக்கு அது எட்டாது. இப்படி ஆட்களை அழைப்பவர்கள் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், குடியிருப்புச் சங்கங்கள். பேசிய கூலி எவ்வளவோ, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 2019-இல் டெல்லியில், பெரிய லாரி நுழையாத சந்துகளுக்காக 200 சிறு இயந்திர வாகனங்களை இறக்கினார்கள். அவற்றைப் பெரிய நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாகக் கொடுக்காமல், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னுரிமை அளித்தார்கள். குழிக்குள் இறங்கியவரின் மகன் வண்டியின் உரிமையாளராக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்றானது. உள்குத்தகைச் சங்கிலியின் இடைக் கைகள் அங்கே குறைந்தன.

உங்கள் குடியிருப்பில் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் உரிமம் உள்ள உறிஞ்சு லாரியை அழையுங்கள். 14420 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது. சங்கச் செயலாளராக இருப்பவர்கள் பணம் கொடுக்கும் ரசீதில் மூன்று வரி சேர்த்து எழுதலாம்: ஆள் உள்ளே இறங்கக் கூடாது, வேலையை வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது, வந்தவர்களின் பெயர்கள் இன்னின்ன. அடியில் கசடு மிஞ்சிவிட்டது, ஓர் ஆள் இறங்கினால் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று அவர்களே சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லி மூடியைப் போடச் சொல்லுங்கள். கசடு இருக்கட்டும், மறுநாள் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து இயந்திரத்தால் எடுத்துக்கொள்ளலாம்.